மேடையில் கொழுந்துக்கூடை

வண்டிப்பெரியார் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளும் அழகுத்தாய், தன் கைக்கறை மகளுக்கு ஒட்டக்கூடாதென்றுதான் மாரிச்செல்வியை பி.காம். படிக்கவைத்து, பட்டாளத்து மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்தாள். கல்யாணமான இரண்டாம் மாதம் அந்தமான் குவார்ட்டர்ஸ். உப்புக்காற்றில் காயாத துணியைத் திருப்பிப்போடுவதே அங்கே அவள் வேலை.

பட்டாளத்து மனைவிமார் சங்கத்தில் கணக்கு எழுதத் தருவார்கள் என்று நம்பிப் போனாள். ஊரைக் கேட்டதும் அதிகாரியின் மனைவி ஒரு மூங்கில் கூடையை நீட்டினாள். ஆண்டுவிழா நடனத்தில் மாரிச்செல்விதான் தேயிலைக்காரி.

"எனக்கு வேண்டாம். நீங்க சொல்லிருங்க," என்றாள் கணவனிடம்.

"மேடம் சொன்னா ஆர்டர் மாதிரி. அஞ்சு நிமிசம் ஆடுனா கொறஞ்சா போயிருவ?" அருண்பாண்டி பூட்ஸிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

ஆடினாள். பிளாஸ்டிக் இலைகளைக் கிள்ளினாள். சிரிக்கச் சொல்லிக் கீழிருந்து சைகை வந்தபோது சிரித்தாள். அருண்பாண்டி அதைப் படமெடுத்து மாமியாருக்கு அனுப்பினான்.

மறுநாள் அம்மா போன் செய்தாள். "ஏட்டி, கடல் தாண்டியும் கொழுந்துதானா? இங்கன கிள்ளியிருந்தா கூலியாச்சும் கெடைச்சிருக்கும்."

மாரிச்செல்வி போனை வைத்தாள்.

"கூடைய நம்மளே வச்சுக்கிடணுமாம்," என்றான் அருண்பாண்டி சந்தோஷமாக. "அடுத்த வருசமும் நீதானாம்."

அவள் கூடையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, துணியைத் திருப்பிப்போடப் போனாள்.