சுல்தானுக்குப் போர்த்திய கம்பளி

நீர்கொழும்பிலிருந்து என் கொழுந்தியா மகள் திவ்யா கண்டியில் படிக்க வந்து, அம்பிட்டியவில் எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறாள். வந்த நாள் முதல் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடக்கிறாள். சாப்பாட்டுத் தட்டு போன மாதிரியே திரும்பி வருகிறது. என் மனைவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நிமிஷத்துக்கு நிமிஷம் கதவைத் தட்டி, "என்னடி செய்யுது?" என்கிறாள். மழை வேறு விட்டபாடில்லை. பிள்ளைக்குக் குளிராக்கும் என்று நேற்று அலுமாரியின் அடித்தட்டிலிருந்து அந்தச் சாம்பல் நிறக் கம்பளியை இழுத்தாள். இழுத்த கையோடு மூக்கைப் பொத்தினாள்.

"என்னங்க இது, கருவாட்டு நாத்தம்!"

கருவாடு இல்லை. சுல்தானுடைய வாசம் அது. எத்தனை தரம் துவைத்தாலும் போகாது. சுல்தான் ஏதோ ராஜா என்று நினைத்துவிடாதீர்கள். அவன் ஒரு விலாங்கு. அதுவும் கடல் விலாங்கு. அஞ்சாளை என்பார்களே, அந்த இனம்.

கல்யாணத்துக்கு முன் கண்டி டவுனில் ஒரு கடையில் வேலை பார்த்தேன். கம்பளி, சுவெட்டர், குரங்குக் குல்லா, இவைதான் வியாபாரம். முதலாளி ஹாஜியாருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கொள்கை: கீழிருந்து மலைக்கு வருகிறவனுக்குக் குளிரும். குளிராவிட்டால், குளிர்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. கொழும்புக்காரர் யாராவது வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தால்கூட, "பாத்தீங்களா, குளிர் காய்ச்சல் வரப்போகுது" என்று ஒரு சுவெட்டரைத் தலையில் கட்டிவிடுவார். நாங்களும் கடைக்குள் சுவெட்டரோடுதான் நிற்க வேண்டும். தலைக்கு மேலே ஃபேன் சுற்றும். நான் பிறந்து வளர்ந்ததே அம்பிட்டியவில்தான். அந்த வேலைக்குப் போகும்வரை சுவெட்டர் போட்டதே இல்லை.

ஹாஜியாரின் ஒரே மகன் ரிப்கான். மீன் பைத்தியம். நீர்கொழும்பில் யாரிடமோ அந்த விலாங்கை வாங்கி, தொட்டி, ஹீட்டர், ஒளிந்துகொள்ள ஒரு பைப் துண்டு, கேன் கேனாகக் கடல்தண்ணி என்று கொண்டுவந்து இறக்கினான். இறக்கிய கையோடு கத்தாருக்கு விசாவும் வந்துவிட்டது. "வாப்பா, நான் வரும்வரைக்கும் இவன உசுரோட வச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் பிளேன் ஏறினான். ஹாஜியார் தொட்டியைத் தன் மேசைக்குப் பக்கத்தில், டியூப் லைட்டுக்கு நேர் கீழே வைத்தார். மகனையே வைத்தது போல ஒரு பெருமை.

சுல்தான் பைப்புக்குள் போனவன் போனவன்தான். தலை மட்டும் வெளியே. வாயை ஆவென்று திறப்பான், மூடுவான், திறப்பான். நாள் முழுக்க இதே வேலை. இறாலை மூக்கடியில் பிடித்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டான்.

காசுமேசையில் இருந்த யாழ்ப்பாணத்துச் சிவபாலன் அண்ணனுக்கு எதிலும் நக்கல்தான். "ஓம், உங்கட யாவாரத்தைப் பாத்து அதுவும் ஆள் கூப்பிடப் பழகுது. எங்கட பக்கமெண்டா இவ்வளவுக்குக் கறியாக்கியிருப்பம்" என்பார்.

"சீ, வாயக் கழுவு! அவன் நம்மள ஏசுறான்" என்பார் ஹாஜியார்.

கடைக்கு வந்தவர்களெல்லாம் கண்ணாடியைத் தட்டினார்கள். ஹுன்னஸ்கிரியத் தோட்டத்து ஆட்கள், பிலிமத்தலாவைக் கடைக்காரர்கள், ஒருவர் பாக்கியில்லை. சுல்தான் நாளுக்கு நாள் மெலிந்தான்.

பின்னேரமானால் கத்தாரிலிருந்து வீடியோ கோல் வரும். ஹாஜியார் போனை எங்கள் எல்லோரிடமும் சுற்றுக்கு விடுவார். ஆளுக்காள் முகத்தை நீட்டி, "எப்பிடி இருக்கீங்க, சாப்பிட்டீங்களா, ரூமக் காட்டுங்க" என்று பிடுங்குவோம். படம் நின்றுவிட்டால் ஹாஜியார் விரலால் திரையைத் தட்டுவார்.

"சுல்தான் எப்பிடி வாப்பா?"

"பேஷா ஈக்கான். வயிறு நெறைய தின்னுறான். நீ?"

"நானும் பேஷா ஈக்கிறன் வாப்பா."

போனை வைத்ததும் ஹாஜியார் தொட்டிக்கு முன்னால் போய் நின்றுகொள்வார். "இவனுக்கு ஒண்டு ஆனா அவனுக்கு நான் என்ன செல்ற?" என்பார். அந்த நேரத்தில் சிவபாலன் அண்ணன்கூட நக்கலடிக்க மாட்டார்.

ஒருநாள் காலையில் ஹாஜியார் தலையில் அடித்துக்கொண்டார். "யா அல்லாஹ்! இவன் நீர்கொழும்பான் இல்லையா? குளிருது!" ஹீட்டர் இருக்கிறதே என்றேன். காதில் விழவில்லை. தட்டிலிருந்து இருப்பதிலேயே தடிப்பான சாம்பல் நிறக் கம்பளியை உருவி, தொட்டியை நாலு பக்கமும் சுற்றிப் போர்த்தினார். நாங்கள் இரண்டு பேரும் சுவெட்டர் அடுக்குக்குப் பின்னால் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

மறுநாள் இறாலைக் காணோம். அதற்கடுத்த நாளும் காணோம்.

அடேயப்பா, ஹாஜியாரைப் பிடிக்க முடியவில்லை! "கடல் சாமானே இந்தக் கம்பளியில பொழச்சிச்சு, நீங்க என்ன யோசிக்கிறீங்க" என்று விற்றுத் தள்ளினார். மூடி வைத்த தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். திறந்து காட்ட மாட்டார். குளிர் உள்ளே போய்விடுமாம்.

சித்திரை வெயில் வந்தது. அவர் கொள்கைப்படி இப்போது புழுங்க வேண்டும் அல்லவா? கம்பளியைக் கழற்றிவிட்டார். சுல்தான் மறுபடியும் பைப்புக்குள் புகுந்தான். இறால் கிடந்து நாறியது.

எனக்கு விஷயம் தெரியும். போனில் தேடிப் பார்த்திருந்தேன். அந்த வாய் திறப்பது பசியுமில்லை, ஏச்சுமில்லை, அப்படித்தான் அது மூச்சு விடும். புது இடமென்றால் கொஞ்ச நாள் ஒளிந்துதான் கிடக்கும். வெளிச்சமும் ஆட்கள் தட்டுவதும் ஆகவே ஆகாது. இருட்டாக்கி, தன் பாட்டில் விட்டால் தானாகத் தின்னும். சொன்னால் யாவாரம் படுத்துவிடும் என்று சிவபாலன் அண்ணன்தான் என் வாயைக் கட்டி வைத்திருந்தார். ஆனால் ஹாஜியாரின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. சொல்லிவிட்டேன்.

"குளிர் இல்ல முதலாளி. பயம். புது எடம். எல்லாரும் வந்து தட்டித் தட்டிப் பாக்குறாங்க."

அவர் என்னைத் திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் கம்பளியை எடுத்து மறுபடியும் போர்த்தினார். அன்று பின்னேரம் கோல் வந்தபோது போனை எங்களிடம் தரவில்லை. கதிரையைத் தொட்டிப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"மகன், மொகம் காட்டத் தேவல்ல. கெமராவ மூடிட்டுச் சும்மா இரி. நான் ஒண்டும் கேக்க மாட்டன்."

திரை கறுத்தது. லைன் போய்விட்டது என்றே நினைத்தேன். ஹாஜியார் வழக்கம்போலத் தட்ட விரலை நீட்டினார். பிறகு மடக்கிக்கொண்டார்.

"வாப்பா... எனக்கு இங்க சோறு எறங்குதில்ல."

"தெரியும் மகன்."

"எப்பிடி வாப்பா?"

"சுல்தான் செல்லினான்."

மகன் அழுதுகொண்டே சிரித்தான். திரும்பிப் பார்த்தால் சிவபாலன் அண்ணன் விற்கிற சுவெட்டரில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ரிப்கான் லீவில் வந்தபோது சுல்தான் மணிக்கட்டுத் தடிப்பில் இருந்தான். ரிப்கானுக்கும் தொந்தி விழுந்திருந்தது. ஆனால் ஹாஜியார் மட்டும் கடைசிவரை வாடிக்கையாளரிடம் குளிர் என்றுதான் சொன்னார். என் கல்யாணத்துக்கு அந்தக் கம்பளியையே மடித்துக் கையில் தந்தார். "மத்ததெல்லாம் விக்கிற சாமான் மகன். இதுதான் சோதிச்சுப் பாத்தது."

இதையெல்லாம் சொன்னதும் மனைவி, "என் தங்கச்சி மகள விலாங்குங்கிறீங்களா?" என்று கோபித்துக்கொண்டாள். ஆனாலும் நேற்று இரவு அவள் கதவைத் தட்டவில்லை. இடியப்பத் தட்டை வாசலில் மூடிவைத்து, கம்பளியைப் பக்கத்தில் போட்டு, நடையில் எரிந்த லைட்டை அணைத்துவிட்டு வந்தோம்.

இன்று காலை தட்டு காலி. கம்பளியையும் காணோம்.

"பாத்தீங்களா, குளிர்தான்" என்றாள் மனைவி.

இதை ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது. யாரிடம் சொல்ல? சுல்தான் போய், பின்னால் ஹாஜியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். கடை இருந்த இடத்தில் இப்போது போன் கவர் விற்கிறார்கள். நாலு பக்கமும் கண்ணாடி, பட்டப்பகலிலும் லைட்.