கறை எடுக்கும் மேசையில் என் தம்பி

இரண்டாயிரத்து எட்டாம் வருடம், கரண்ட் நாள் தவறாமல் போய்க்கொண்டிருந்த காலத்தில், திருப்பூர் மண்ணரையில் இது நடந்தது. அங்கே ஒரு லைன் வீட்டில் நானும் என் தம்பியும் குடியிருந்தோம். சொந்த ஊர் தேனிப் பக்கம். அப்பா, அம்மா இரண்டு பேரும் போன பிறகு அவனுக்கு நான், எனக்கு அவன்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பீஸை மேசையில் விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்து ஒதுக்க வேண்டும். தம்பி பத்தாவதில் தவறிவிட்டு என்னிடம் வந்தான். பதினாறு வயது. பக்கத்துத் தெருவில் பிரிண்டிங் பட்டறையில் சேர்த்துவிட்டேன். பனியனில் படமும் எழுத்தும் அச்சடிக்கும் இடம். அச்சடித்து முடித்த பிறகு, திரை மாட்டிய மரச் சட்டங்களை மை போகத் தின்னர் ஊற்றிக் கழுவுவது அவன் வேலை. தூசி வந்து ஒட்டும் என்று ஜன்னலைத் திறக்கமாட்டார்கள்.

எனக்கு ஒன்றரை ஷிப்ட். அவனுக்கும் அப்படித்தான். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவோம். சோறு போடும்போது முகம் பார்த்துக்கொள்வோம். பிறகு படுத்துவிடுவோம்.

சில மாதத்தில் ஆள் மாறினான். சோறு இறங்கவில்லை. வாயைச் சுற்றிப் புண். கண் எப்போதும் சிவந்திருந்தது. ஏதாவது கேட்டால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவான். அதற்கு முன்பு என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியவன் இல்லை.

வீட்டுக்காரம்மா ஒருநாள் என்னைத் தண்ணீர்க் குழாயடியில் நிறுத்தினார்.

“ஏங்கண்ணு, உன்ற தம்பி சோறு உங்கறானா இல்லியா? காத்தடிச்சாப் பறந்து போயிருவானாட்ட இருக்கறான்.”

“சாப்பிடுறான்மா. வேலை ஜாஸ்தி.”

“வேலை ஆருக்குத்தான் இல்லை? கூட்டாளிக யாருன்னு பாரு கண்ணு.”

பார்த்தேன். பட்டறையில் அவன் வயதுப் பையன்கள் நான்கைந்து பேர். யாரும் சரியாகத் தோன்றவில்லை. பீடியா கஞ்சாவா என்று சந்தேகம் வந்தது. பாக்கெட்டைத் துழாவினேன். ஒன்றும் இல்லை. வாயை ஊதச் சொன்னேன். முறைத்துக்கொண்டே ஊதினான். பீடி வாசம் இல்லை, சாராய வாசமும் இல்லை. தின்னர் வாசம் மட்டும் அடித்தது. அது வேலை வாசம். என் சேலையிலும் கம்பெனி வாசம்தான் அடிக்கும். எங்கள் லைனில் ஒரு வீட்டில் சாய வாசம், ஒரு வீட்டில் மெஷின் ஆயில் வாசம். அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கூட்டாளிகள்தான் கெடுக்கிறார்கள், பிரித்துவிட்டால் சரியாகிவிடுவான் என்று முடிவு செய்தேன். எங்கள் கான்ட்ராக்டரிடம் போய் நின்றேன்.

“தம்பியை நம்ம செக்‌ஷன்லயே போட்டுக் குடுங்கண்ணே. என் கண்ணு முன்னால இருக்கட்டும்.”

“அக்காளும் தம்பியும் ஒரே எடத்துல இருந்தா, ஊட்டுல போடற சண்டைய இங்கயே போட்டு முடிச்சுக்குவீங்க. பரவால்லீங்க, கூட்டியாங்க.”

வந்தவனை அவர் ஏற இறங்கப் பார்த்தார். பண்டல் தூக்கும் உடம்பு இல்லை. உட்கார்ந்து செய்கிற வேலை என்ன இருக்கிறது என்று யோசித்து, கறை எடுக்கும் மேசையில் உட்கார வைத்தார். பீஸில் எண்ணெய்க் கறை இருந்தால் அங்கே போகும். ஒரு கருவி, துப்பாக்கி மாதிரி இருக்கும், ‘கன்’ என்போம். அதில் மருந்தை ஊற்றிக் கறை மேல் அடித்தால் கறை பறந்துவிடும். மருந்து என்றுதான் நாங்கள் எல்லோரும் சொல்லுவோம். வாசம் தலைக்கு ஏறும். அதை வெளியே இழுத்துத் தள்ள மேலே சுவரில் ஒரு காற்றாடி பதித்திருப்பார்கள்.

எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு மேசைதான். எனக்கு அன்றைக்கு நிம்மதி.

அவனும் தெளிந்தான். நான் அப்படித்தான் நினைத்தேன். காலையில் எனக்கு முன்னால் கிளம்பி நிற்பான். லீவு கேட்கமாட்டான். ஞாயிற்றுக்கிழமை வேலை உண்டா என்று கேட்பான். பொறுப்பு வந்துவிட்டது என்று வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன். அவர் அவன் வாயோரத்துப் புண்ணைப் பார்த்தார்.

மருந்து சீக்கிரம் சீக்கிரம் தீர்ந்தது. சூப்பர்வைசர் கேனைத் தூக்கி ஆட்டிக்காட்டினார்.

“ஏனுங்க, கேனு நிக்கவே மாட்டீங்குது. கறைய எடுக்கறீங்களா, இல்ல எடுத்துக் குடிக்கறீங்களா?”

செக்‌ஷனே சிரித்தது. நானும் சிரித்தேன். தம்பியும் சிரித்தான்.

சிரிக்காத ஒருவர் அயர்ன் மாஸ்டர். தாராபுரம் பக்கத்து ஆள். ஐம்பது வயதிருக்கும். எங்கள் மேசைக்குப் பின்னால் அவர் மேசை. நாள் தவறாமல் குடிப்பார். காலையில் வரும்போதே கை நடுங்கும், அயர்ன் பாக்ஸைப் பிடித்தால் நின்றுவிடும். யாரும் அவரை மதித்துப் பேசியதில்லை. நானும்தான்.

ஒருநாள் டீ நேரத்தில் என் பக்கம் வந்தார்.

“அம்மிணி, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாதுங்க.”

“சொல்லுங்க.”

“தம்பிய அந்த மேசைய விட்டு மாத்தி உக்கார வைங்க. சோத்து மணி அடிச்சாலும் எந்திரிக்க மாட்டீங்கறான். பீஸ் இல்லீன்னாலும் கன்னு கையிலயே இருக்குது. துணிய மூஞ்சிகிட்ட வெச்சுக்கிட்டே இருக்கறான். எனக்கு அது நல்லாப் படலீங்க.”

“வேலை செய்யிற பிள்ளைய வேலை செய்ய விடமாட்டீங்களா? நீங்க உங்க பாட்டிலப் பாருங்க, அவன் துணிய நான் பாத்துக்கிறேன்.”

சத்தமாகத்தான் சொன்னேன். எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

“சேரீங்க அம்மிணி,” என்று சொல்லிவிட்டு அவர் மேசைக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு பத்து நாள் போயிருக்கும். மத்தியானம் கரண்ட் போனது. ஜெனரேட்டரும் ரிப்பேர். மெஷின், விளக்கு, சுவர்க் காற்றாடி எல்லாம் நின்றது. மூன்றாவது மாடி. மேலே தகரக் கூரை. வெந்துபோகும். எல்லோரும் மாடிப்படிக்கு வந்து காற்று வாங்கினோம். ஒருத்தி நிலக்கடலை கொண்டு வந்திருந்தாள். பேசிக்கொண்டே தின்றோம். தம்பி வரவில்லை. படுத்திருப்பான், கொஞ்சம் தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உள்ளே இருந்து அயர்ன் மாஸ்டர் சத்தம் கேட்டது.

“அம்மிணி! ஓடியாங்க!”

பீஸ் குவியலில் முகம் பதித்துக் கிடந்தான். புரட்டினேன். உதடு நீலம். கன்னத்தில் தட்டினால் தலை தொங்கியது. கையில் ஈரத் துணி. விரலைப் பிரித்துத்தான் அதை எடுக்க வேண்டியிருந்தது.

லிஃப்ட் ஓடாது. மாஸ்டர் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடியும் இறங்கினார். காலையில் டீ டம்ளர் பிடிக்கக் கை நடுங்குகிற மனுஷன். ஆட்டோவில் தம்பி தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் துடைத்துவிட்டு, “கண்ணு, கண்ணு” என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், “என்ன குடிச்சான்?”

“ஒண்ணும் குடிக்கலீங்க,” என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மாஸ்டர் சட்டைக்குள் கையை விட்டு, வரும்போது தம்பி மேசையிலிருந்து எடுத்து வந்த மருந்து பாட்டிலை டாக்டர் முன்னால் வைத்தார்.

“குடிக்கலீங்க. மோந்தானுங்க. ரொம்ப நாளாவே மோக்கறானுங்க.”

உடனே உள்ளே கொண்டு போனார்கள். நாங்கள் வெளியே வராந்தாவில் உட்கார்ந்தோம். நேரம் போனது. அவருக்குக் குடிக்கிற நேரம் தாண்டியது. கை நடுங்க ஆரம்பித்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து போகவில்லை.

“உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சது?” என்று கேட்டேன்.

“குடிக்கறவன் மொகம் குடிக்கறவனுக்குத் தெரியாதுங்களா, அம்மிணி? எப்படா வேலைக்குப் போலாம்னு காலைல ஓடியாரான் பாருங்க. எப்படா வேலை முடியும்னு நான் இருப்பேன். அவ்வளவுதானுங்க வித்தியாசம்.”

நர்ஸ் வந்து, மூச்சு திரும்பிவிட்டது, உயிருக்குப் பயமில்லை என்று சொன்ன பிறகுதான் அவர் எழுந்தார். சட்டைப் பையில் இருந்த பணத்தை என் கையில் திணித்துவிட்டுப் போனார். எங்கே போனார் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தம்பி தெளிவாகப் பேசினான். நான் திட்டவில்லை. எப்போதிருந்து என்று மட்டும் கேட்டேன்.

“பட்டறையிலக்கா. சட்டம் கழுவும்போதே தலை லேசாகும். அப்புறம் அவனுக காமிச்சுக் குடுத்தானுக. பசி தெரியாது. கால் கடுக்கிறது தெரியாது. ராத்திரி வரைக்கும் நிக்கணும்ல.”

“சொல்லியிருக்கலாம்லடா.”

“எப்பச் சொல்ல? நீ வருவ, சோறு போடுவ, படுத்துருவ.”

மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே மேலும் சொன்னான்.

“விடணும்னுதான்க்கா இருந்தேன். பட்டறைய விட்டு வரச் சொன்னதும் சந்தோசமா இருந்துச்சு. இனிமே அது கைக்குக் கிடைக்காதுன்னு. நீ கொண்டு போயி அதுகிட்டயே உக்கார வச்ச.”

“என் கண்ணு முன்னால இருக்கட்டும்னுதான்டா.”

“இருந்தேன்ல. நீ திரும்பிப் பாப்ப. பாத்துச் சிரிப்ப. நான் துணிய மூக்குல வச்சிக்கிட்டுத்தான் இருப்பேன். வேர்வை தொடைக்கிறேன்னு நெனைச்சிருப்ப.”

கோபமாகச் சொல்லவில்லை. என்னை அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். தின்னரோ கறை மருந்தோ, இது மூளையையும் நரம்பையும் தின்கிறது. இளவயதுப் பிள்ளைகளுக்கு இன்னும் சீக்கிரம். மோந்துகொண்டிருக்கும்போதே நெஞ்சு நின்று போகிற பிள்ளைகளும் உண்டு, உன் தம்பி பிழைத்தது பெரிது. இனிமேல் அந்த வாசமே அவன் பக்கம் வரக்கூடாது என்றார். திருப்பூரில் அந்த வாசம் இல்லாத தெரு எது என்று எனக்குத் தெரியவில்லை.

கோயம்புத்தூரில் போதையை விட வைக்கும் ஒரு இடத்தில் சேர்த்து வைத்தியம் பார்த்தேன். வந்தான். நன்றாக இருந்தான். பக்கத்து வீட்டில் கதவுக்குப் பெயின்ட் அடித்தார்கள். மறுநாள் அவர்கள் தின்னர் டப்பா காணவில்லை. மறுபடி கோயம்புத்தூர். திரும்பி வந்தான். மறுபடியும் அதே கதை. நான் அவனைப் பூட்டி வைத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறேன். அழுதிருக்கிறான், என்னை அடிக்கக் கை ஓங்கியிருக்கிறான். அலுத்துப்போனது. பிழைத்திருக்க வேண்டாம் என்றுகூட ஒருநாள் எனக்குத் தோன்றியது. தோன்றியது உண்மை. மறைக்க ஒன்றும் இல்லை.

அப்போதும் மாஸ்டர்தான் வந்தார். உடுமலைப்பேட்டைப் பக்கம் அவருடைய தங்கை வீட்டுக்காரருக்குத் தென்னந்தோப்பு. தண்ணீர் கட்ட, காய் பொறுக்க ஆள் வேண்டும் என்றார்.

“அங்க காத்துத்தானுங்க அடிக்கும். பக்கத்துல கடை கண்ணி ஒண்ணுமில்லீங்க. என்ற தங்கச்சி பெத்த பையனாட்டப் பாத்துக்குவா. அனுப்பிப் பாருங்க அம்மிணி.”

அனுப்பினேன். முதல் மாதம் இரண்டு தடவை ஓடிவரப் பார்த்தான். அந்தத் தங்கச்சி இரண்டு தடவையும் பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்து, சோற்றுப் போசியைத் திறந்து வைத்து, “உண்டுட்டுப் போ சாமி” என்றாராம். உண்டுவிட்டு அவரோடு திரும்பிப் போயிருக்கிறான்.

இப்போதும் அங்கேதான் இருக்கிறான். முப்பது தாண்டிவிட்டது. வலது கை இன்னும் ஆடும். சொன்னதை மறந்துவிடுவான். எந்த மரத்துக்குத் தண்ணீர் விட்டோம் என்று தெரியாமல் விட்ட மரத்துக்கே மறுபடி விடுவான். கல்யாணம் இல்லை. ஆனால் மருந்தைத் தொடுவதில்லை. மாதம் ஒருமுறை போவேன். கம்பெனிக்குக் கட்டாத சேலை ஒன்று அதற்கென்று தனியாக இருக்கிறது. தலைக்குக் குளித்துவிட்டு அதைக் கட்டிக்கொண்டு போவேன். அப்படியும் நான் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவன் ஒரு நிமிடம் தள்ளி நின்றுதான் பக்கத்தில் வருவான். ஏன் என்று நான் கேட்டதில்லை.

மாஸ்டரிடம் குடியை விடச் சொல்லிப் பார்த்தேன். “என்னயக் கூட்டிட்டுப் போறதுக்கு ஒரு தோப்பு இல்லீங்களே அம்மிணி,” என்று சிரித்தார். விடவில்லை. நான்கு வருடம் கழித்துக் கல்லீரல் கெட்டு இறந்துபோனார். தம்பியைக் கூட்டிக்கொண்டு தாராபுரம் போனேன். அவரைத் தூக்கிக்கொண்டு போகும்போது தம்பியும் தோள் கொடுத்தான். கை ஆடியது. யார் தோள் மாற்றக் கேட்டும் கொடுக்கவில்லை.

எனக்கு வேறு வேலை தெரியாது, இன்னும் செக்கிங்கில்தான் இருக்கிறேன். புதிதாகச் சின்ன வயதுப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தால் கையில் இருக்கும் பீஸைக் கீழே வைத்துவிட்டு, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டு, பதில் சொல்லி முடிக்கும் வரை முகத்தைப் பார்க்கிறேன். அதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.