அலமேலுவுக்கு ஒரு சுமைதாங்கி

போன ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூரில் ஒரு கல்யாணம். மொய் எழுதியாகிவிட்டது, மணமக்களோடு போட்டோ எடுத்தாகிவிட்டது, பந்தியில்தான் இடம் கிடைக்கவில்லை. ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஓர் ஆள் காவல் நிற்கிறார். எவன் எப்போது பாயசம் குடித்து முடிப்பான் என்று இந்த வயதில் நான் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? வெளியே வந்து பைபாஸில் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்தோம் - நானும் வீட்டம்மாவும்.

அது 'கிராமிய' ஹோட்டல். வாசலில் மாட்டுவண்டிச் சக்கரம், கூரையில் அரிக்கேன் விளக்கு, சர்வர்கள் தலையில் முண்டாசு. புல்தரை நடுவே மூன்று கற்கள். இரண்டு நட்டுக்குத்தாக நிற்கின்றன, மூன்றாவது அவற்றின் மேல் குறுக்கே படுத்திருக்கிறது. பக்கத்தில் 'செல்ஃபி பாயிண்ட்' என்று ஒரு போர்டு.

"பழைய காலத்து கேட்டு சார். எங்கயோ ரோடு போடும்போது பேத்து எடுத்தாங்களாம். ஓனர் வாங்கிட்டு வந்துட்டாரு" என்றார் மேனேஜர் பெருமையாக.

வீட்டம்மா செல்போனை எடுத்தாள். "போய் நில்லுங்க, ஒண்ணு எடுக்கிறேன்."

நான் நகரவில்லை. "அது கேட் இல்ல. வயித்துல புள்ளையோட செத்துப்போன ஒரு பொண்ணுக்கு வச்ச கல்லு" என்றேன். போன் பைக்குள் போய்விட்டது. இலையில் பாதி சோறு அப்படியே மிச்சம். ஆக, அன்றைக்கு எங்களுக்கு இரண்டு சாப்பாடு போச்சு...

உங்களில் எத்தனை பேர் தலைச்சுமை தூக்கியிருக்கிறீர்கள்? தூக்கியவர்களுக்குத் தெரியும் - கனம்கூடப் பெரிய தொல்லை இல்லை. தனியாக இறக்க முடியாது, இறக்கினால் தனியாக ஏற்ற முடியாது, அதுதான் தொல்லை. கை கொடுக்க ஆள் வேண்டும். ஆளில்லாத பாதையில் என்ன செய்வது? அதற்குத்தான் சுமைதாங்கி. தலை உயரத்துக்கு ஒரு கல் இருந்தால் மூட்டையை அப்படியே அதன்மேல் தள்ளிவிட்டு மூச்சு வாங்கலாம். பிறகு தலையைக் கொடுத்து வாங்கிக்கொண்டு நடையைக் கட்டலாம்.

அதை யார் வைப்பார்கள்? பிள்ளை பெறாமல் நிறைமாதத்தில் செத்துப்போனவளின் வீட்டார். போன இடத்திலும் அவள் அந்த வயிற்றோடுதான் நடந்துகொண்டிருப்பாள் என்பது நம்பிக்கை. வழிப்போக்கர் ஒருவர் இங்கே தன் சுமையை இறக்கினால் அங்கே அவளும் இறக்கி வைப்பாள். அவர் மறுபடி தூக்கும்வரை அவளுக்கு ஓய்வு.

'இதெல்லாம் மூடநம்பிக்கை, நீங்களே எழுதலாமா?' என்று கடிதம் போடும் அந்த அன்பு நண்பருக்கு - பேனாவை எடுத்துவிட்டீர்கள், தெரியும். முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

எழுபதுகளின் கடைசியில் எனக்கு வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு மலையடிவாரத்துக் கிராமத்தில் தபால் ஆபீஸ் வேலை. கல்யாணம் ஆகவில்லை. மேற்கே நிமிர்ந்து பார்த்தால் பச்சைமலை. வாரச் சந்தையன்று மலைக்காரர்கள் ஒற்றையடிப் பாதையில் வரிசையாக இறங்கி வருவார்கள். தலையில் மரவள்ளி, புளி, சாமை, சீமாறுக் கட்டு, சீசனில் பலாப்பழம். திரும்பும்போது அரிசி, உப்பு, மண்ணெண்ணெய் டின்.

அப்படி இறங்கி வந்தவர்களில் ஒருவர்தான் வெள்ளையன். முப்பது வயதிருக்கும். அவருக்கு ஒரு விசித்திரப் பழக்கம். சந்தையில் சுமையை இறக்கும் ஒவ்வொரு மலைக்காரரிடமும் போய், "வழியில எறக்கி வச்சீங்களா? நல்ல கனமா?" என்று கேட்பார். "சரியான கனம்ப்பா" என்று சொல்லிவிட்டால் முகமெல்லாம் சிரிப்பு. ஏதோ மொத்த வியாபாரம் பார்க்கிற ஆள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஒரு நாள் ஆபீஸ் வாசலில் வைத்து விசாரித்தேன். சொன்னார்.

அவர் மனைவி அலமேலு. முதல் பிரசவம், வலி எடுத்தும் பிள்ளை வரவில்லை. போர்வையில் தூளி கட்டி, மூங்கிலில் கோத்து, நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கென்று இறங்கியிருக்கிறார்கள். மலைப்பாதையில் பாதிவழி வருவதற்குள் தூளிக்குள் சத்தம் நின்றுவிட்டது. அந்த இடத்திலேயே வெள்ளையன் கல் வைத்தார்.

"பலாக் காலத்துல அவளுக்கு நல்ல ஓய்வுங்க சார். ஒவ்வொரு பழமும் அம்மாந்தண்டி இருக்கும்ல? வைக்கிறவங்க சட்டுனு தூக்க மாட்டாங்க" என்றார். மனைவி தாய்வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

கல் வைத்ததோடு அவர் நிற்கவில்லை. இன்னொருத்திக்கு இந்தக் கதி வரக் கூடாது, மலைக்கு ரோடு வேண்டும் என்று கிளம்பிவிட்டார். என் கையெழுத்து கொஞ்சம் பார்க்கும்படி இருக்கும். அது போதாதா? ஊருக்கே மனு எழுதிக் கொடுக்கும் ஆளானேன். வெள்ளையனுக்கு மட்டும் எத்தனை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. எழுத எழுத அவர் பக்கத்திலேயே நிற்பார். "தூளியில தூக்குனத போட்டீங்களா சார்? அத விட்றாதீங்க" என்பார்.

ஒருமுறை விசாரணைக்கு வந்த அதிகாரி ஒருவர், "ஏம்ப்பா, ஒங்கள யாரு மேல போயி குடியிருக்கச் சொன்னது? கீழ வந்துட வேண்டியதுதானே?" என்று கேட்டார்.

வெள்ளையன் கைகட்டிக்கொண்டு பதில் சொன்னார். "எங்க முப்பாட்டனுங்க அண்ணந்தம்பி மூணு பேருங்கய்யா. காஞ்சிபுரத்துலேர்ந்து சாமியத் தலையில தூக்கிக்கிட்டு வந்தாங்க. ஒருத்தரு கொல்லிமலைக்குப் போயிட்டாரு, ஒருத்தரு சேர்வராயன் மலைக்கு. எங்காளு இங்க ஏறிட்டாரு. அன்னிக்கே ரோட்டையும் சேத்துத் தூக்கிட்டு வந்திருக்கலாம். மறந்துட்டாங்கய்யா."

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். வெள்ளையன் சிரிக்கவில்லை.

வருஷங்கள் ஓடின. எண்பதுகள் பிறந்து கொஞ்ச காலத்தில் ரோடு வந்தேவிட்டது. எங்கள் பக்கமாக இல்லை... மலைக்கு அந்தப் பக்கம், துறையூர்ப் பக்கமாக. என் மனுக்களால் வந்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் அதற்கு யார் யாரோ எங்கெங்கோ அலைந்திருப்பார்கள். முதலில் ஜீப் ஏறியது, அப்புறம் லாரி, அப்புறம் பஸ்.

ஒரு நாள் வெள்ளையன் துண்டில் வெல்லம் முடிந்து எடுத்துக்கொண்டு ஆபீசுக்குள்ளேயே வந்துவிட்டார். அவர் ஊர்ப் பெண் ஒருத்தியை வலியோடு ஜீப்பில் ஏற்றித் துறையூருக்குக் கொண்டுபோனார்களாம். பெண் குழந்தையாம்.

"ரெண்டு உசுரும் தனித்தனியாத் திரும்பி வந்துருச்சு சார்!"

சொல்லும்போதே அழுதுவிட்டார். ஆபீசில் இருந்த எல்லோர் கையிலும் வெல்லத்தை உடைத்து உடைத்து வைத்தார். ஸ்டாம்பு வாங்க வந்த ஆள்கூடத் தப்பவில்லை. அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! நாம் ஒன்றைக் கேட்டு வாங்குகிறோம். அது வரும்போது நம் வீட்டிலிருந்து எதைத் தூக்கிக்கொண்டு போகும் என்று முன்கூட்டியே யாருக்குத் தெரிகிறது?

கொஞ்ச நாளில் எங்கள் சந்தையில் மலைக்காரர்கள் குறைந்தார்கள். மரவள்ளி ஏற்ற லாரி வீட்டு வாசலுக்கே வரும்போது எவர் தலையில் சுமந்துகொண்டு இறங்குவார்? பலா சீசன் வந்தது. ஒரு பழம்கூட இந்தப் பாதையில் இறங்கவில்லை. பிறகு மலையிலிருந்து வருகிற ஒரே ஆள் வெள்ளையன்தான் என்றாகிவிட்டது. அவரும் வெறுங்கையோடு வருவார். கேள்வி கேட்க ஆளில்லாமல் சந்தையில் சும்மா நிற்பார்.

"நீங்களே ஒரு மூட்டையக் கொண்டாந்து எறக்கி வைக்கலாமே வெள்ளையன்?" என்றேன்.

"நான் எறக்குனா அவளுக்குச் சேராதுங்க சார். வூட்டு ஆளுங்க யாரு எறக்குனாலும் சேராது. வழியோட போறவங்க எறக்கணும், அதான் மொறை." பிறகு, "ஒரு மனு எழுதணுங்க சார்" என்றார்.

"யாருக்கு?"

"கலெக்டருக்குத்தான்."

"என்னன்னு?"

"வாரத்துல ஒரு நாளு... சந்தையன்னிக்கு மட்டும்... மலைக்குப் பஸ்ஸு, லாரி விட வேணாம்னு."

காகிதத்தை எடுத்து, 'மகாராஜராஜஸ்ரீ கலெக்டர் அய்யா சமூகத்துக்கு' என்று ஆரம்பித்தேன். அடுத்த வரியை எப்படி எழுதுவது? செத்துப்போனவளுக்குக் கால் வலிக்கிறது, தயவுசெய்து பஸ்ஸை நிறுத்துங்கள் என்றா? அரசாங்கத்தில் எந்த செக்ஷன் இதைப் பார்க்கும்? பேனாவைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் வாசலுக்கு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம் சார்" என்றார் திடீரென்று. "கிழிச்சுப் போட்ருங்க."

"ஏன்?"

"அந்த ஒரு நாளுல எவளுக்காச்சும் வலி எடுத்துட்டா?"

எழுந்து போய்விட்டார். காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். அன்றைக்கு அதற்குமேல் வேலை ஓடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் குடியிருந்த வீட்டுக்காரரிடம் அரை மூட்டை கம்பு கேட்டேன். சமைக்கவா என்றார். இல்லை, மலைக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்துவிடுகிறேன் என்றேன். "கம்ப காத்து வாங்கக் கூட்டிட்டுப் போறீங்களாக்கும்!" என்று சிரித்தபடி தூக்கித் தலையில் வைத்தார்.

நான் தலைச்சுமைக்குப் பழக்கப்பட்டவன் இல்லை. கொஞ்ச தூரத்திலேயே கழுத்து உள்ளே போய்விட்டதுபோல இருந்தது. கால் வைக்கிற இடமெல்லாம் சரளைக்கல். பாதையில் முட்செடிகள் தலைநீட்டத் தொடங்கியிருந்தன, ஆள் நடந்தால்தானே அவை அடங்கிக் கிடக்கும்? பாதிவழியில் ஒரு வளைவு திரும்பியதும் கல் தெரிந்தது. அதன் நிழலில் வெள்ளையன் உட்கார்ந்திருந்தார். யாராவது வருவார்களா என்று ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்காருவாராம்.

என்னைப் பார்த்ததும் துள்ளி எழுந்தார். ஓடி வந்தார். வந்தவர் சட்டென்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் கை குடுக்கக் கூடாதுங்க சார். நீங்களே எறக்குங்க. பாத்து... மெதுவா..."

தள்ளாடியபடி போய்த் தலையைச் சாய்த்து மூட்டையைக் கல்லின்மேல் தள்ளினேன். கழுத்து லேசானது. நம்பினால் நம்புங்கள், அந்த நிமிஷத்தில் எனக்கும் அது உண்மை என்றே தோன்றியது - யாரோ பக்கத்தில் பெருமூச்சு விட்டதுபோல. வெள்ளையன்தான் விட்டிருக்க வேண்டும்.

இருவரும் கீழே உட்கார்ந்தோம். கனமா என்று அவர் கேட்கவில்லை. என் சட்டை வேர்வையில் ஊறிக்கிடந்ததைப் பார்த்துக்கொண்டார், அது போதும் அவருக்கு. ஆளரவம் இல்லை. கம்பு மூட்டை மேலே இருந்தது.

காற்று திசை மாறியபோது மலைக்கு அந்தப் பக்கமிருந்து பஸ் ஹாரன் கேட்டது. வெள்ளையன் நிமிர்ந்தார். "எந்தப் புள்ளத்தாச்சியாச்சும் ஏறிப் போவுதோ என்னமோ... நல்லபடியாப் போயிட்டு வரட்டும்."

என்னால் தாங்க முடியவில்லை. "வெள்ளையன், மூட்டைய நான் எடுத்துட்டுப் போகல. இப்படியே இருக்கட்டும். கல்லு மேல சுமை இருக்கிற வரைக்கும் அவங்களுக்கு ஓய்வுதானே?" என்றேன்.

அவர் கூடாது என்று தலையாட்டினார். "வேணாங்க சார். விட்டுட்டுப் போயிட்டா அதையும் அவதானே சொமக்கணும்?"

வேறென்ன செய்வது? எழுந்து மூட்டைக்கு அடியில் தலையைக் கொடுக்கப் போனேன்.

"சார்..." என்றார் பின்னாலிருந்து. "அவசரம் ஒண்ணும் இல்லன்னா... கொஞ்சம் இருந்து தூக்குங்க."

எனக்கு என்ன அவசரம்? உட்கார்ந்தேன்.