புதுப் போனுக்கு அனுமதி

மலையிலிருந்து யானை இறங்கினால் விவசாயிகளின் போனுக்கு எச்சரிக்கை அனுப்பும் செயலி எங்களுடையது. எந்தப் போனுக்கு அனுமதி என்பதை நான்தான் முடிவுசெய்வேன். தேவாரத்திலிருந்து போடி அலுவலகத்துக்கு என்னைத் தேடி வந்த அந்த விவசாயி, ஒவ்வொரு முறை பேசும் முன்பும் போனைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"பழைய போனு ரிப்பேர் கடையில கெடக்கு. சிம்ம இதுல மாத்தி, அனுமதியும் கேட்டிருந்தேன். சத்தமே வரலையே அப்பு?"

பார்த்தேன். எச்சரிக்கை பழைய போனுக்குப் போயிருந்தது. அவர் கேட்ட அனுமதி, நான்கு நாளாக என் பட்டியலில் நான் தொடாமல் கிடந்தது.

"யானை எறங்கினப்ப தோட்டத்துல எம் பொண்டாட்டி தனியா நின்னா. இது அவ கையிலதான் இருந்துச்சு. சத்தம் வந்திருந்தா ஓடியிருப்பா."

அவசரமாக அனுமதி கொடுத்தேன். என் தவறைச் சொல்லாமல், "இனிமே சத்தம் வரும்" என்றேன். அவர் போனை மறுபடி துடைத்து, என் மேசைமேல் வைத்துவிட்டு நடந்தார். என் தவறு தெரிந்துதான் வைத்தாரா?

இன்றும் அந்தப் போனுக்கு நானே சார்ஜ் போடுகிறேன். யானை இறங்கும்போதெல்லாம் அது சரியாக ஒலிக்கிறது.