நான் விழுங்கிய ஆறாவது வசனம்

என் மகள் அறிந்திருக்க வேண்டிய ஒரு வசனத்தை நான் அவளிடமிருந்து மறைத்தேன். மறந்து அல்ல, தெரிந்தே மறைத்தேன்.

வைத்தியர் சொன்னவை எட்டு வசனங்கள். மகளுக்கு நான் சொன்னவை ஏழு. எண்ணிக்கையில் பிழை நேர்ந்திருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படிச் சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. முப்பத்தொரு வருடங்கள் நீர்ப்பாசனத் திணைக்களக் கந்தோரில் குளத்து நீர்மட்டத்தை அங்குலம் அங்குலமாக எழுதியவன் நான். இன்றைக்கும் கிணற்றில் அள்ளும் வாளிகளை எண்ணுகிறேன். சாப்பிடும்போது இடியப்பத்தை எண்ணுகிறேன். அந்த எட்டையும் எண்ணினேன்.

மகள் தர்சினிக்கு அப்போது இருபத்தெட்டு வயது. மணமாகி இரண்டு வருடங்கள், பிள்ளை இல்லை. மாதவிலக்கு இல்லாத நாட்களிலும் இரத்தம் பட்டதால் கிளினிக்குக்குப் போனாள். கருப்பையின் வாயில் புற்றுநோய் என்றார்கள். மிகச் சிறியது, ஆரம்ப நிலை என்றும் சொன்னார்கள். கிளிநொச்சியிலிருந்து தெற்கே உள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எங்களை அனுப்பினார்கள். அவளும், மருமகன் சுதனும், நானுமாகப் போனோம்.

பஸ் ஓமந்தையைத் தாண்டும்போது அவள் சொன்னாள்:

"முழுசா எடுத்துவிடட்டும் அப்பா. உயிர் இருந்தாப் போதும். சுதனும் அதைத்தான் சொல்லுறார்."

"பொறு பிள்ளை, டொக்டர் என்ன சொல்லுறா எண்டு முதல்ல பாப்பம்."

"நீங்கள் அந்தக் கிலோமீற்றர் கல்லுகளை எண்ணுறதை விட்டிட்டு ஒருக்கால் என்ர முகத்தைப் பாருங்கோ!"

நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், அவள் முடிவெடுத்துவிட்டாள் என்பது எனக்குத் தெரிந்திருக்கும். அது தெரியக்கூடாது என்பதற்காகத்தான் பார்க்கவில்லையோ... இன்றும் என்னையே கேட்கிறேன்.

வைத்தியர் ஒரு சிங்களப் பெண்மணி. தமிழ் தெரிந்த தாதி அன்று வேலைக்கு வரவில்லை. நோயாளியுடன் ஒருவர்தான் உள்ளே வரலாம் என்றார்கள். சுதனுக்குச் சிங்களம் தெரியாது. நான் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, பதினாறு வயதில் வன்னிக்கு வந்தவன். பக்கத்துக் கிராமத்துப் பையன்களோடு பந்தடித்துப் பழகிய சிங்களம் எனக்கு இன்னும் வரும். சுதன் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தான். நான் உள்ளே போனேன்.

அந்தப் பெண்மணி பொறுமையானவர். ஒரு வசனம் சொல்வார், நான் தமிழில் சொல்லும்வரை காத்திருப்பார், பிறகு அடுத்தது. கருப்பையை முழுதாக எடுப்பது வழமையான வழி என்றார். கட்டி சிறிதாக இருப்பதால், கருப்பையின் வாயை மட்டும் அகற்றி, மேலே உள்ளதை விட்டுவைத்து, ஒரு தையல் போட்டுவிடவும் முடியும் என்றார். அப்படிச் செய்தால் பின்னர் பிள்ளை பெற வாய்ப்பு உண்டு என்றார். ஐந்து வசனங்கள். ஐந்தையும் ஒழுங்காகச் சொன்னேன்.

ஆறாவது இது: "கரு தங்கினாலும் பாதியில் அழிந்துபோகலாம், அல்லது காலத்துக்கு நெடுநாள் முன்பே பிறந்துவிடலாம், அதைத் தாங்க இவர் ஆயத்தமா என்று கேளுங்கள்."

நான் மகளின் பக்கம் திரும்பினேன்.

"உனக்குப் பிள்ளை ஆசை இருக்கோ எண்டு கேக்கிறா."

அவள் கண் கலங்க, ஓம் என்று தலையை ஆட்டினாள்.

நான் வைத்தியரிடம் திரும்பிச் சிங்களத்தில் சொன்னேன்: "ஆயத்தம் என்கிறாள்."

அவ்வளவுதான்! பத்து விநாடிகூட ஆகியிராது.

ஏன் செய்தேன்? யுத்தத்தின் கடைசி மாதங்களில் என் மகன் போனான். அதன் பின் மனைவியும் போனாள். எனக்குப் பிறகு யார் என்று எண்ணினால், ஒன்று. அதற்குப் பிறகு யார் என்று எண்ணினால், சைபர். அந்தச் சைபரை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இதைக் காரணமாகச் சொல்கிறேனே தவிர நியாயமாகச் சொல்லவில்லை. கத்தி பட்டது அவள் உடம்பில். கணக்குப் பார்த்தது நான்.

ஏழாவதும் எட்டாவதும் பரிசோதனைக்கு வரவேண்டிய தவணைகளைப் பற்றியவை. அவற்றை மிகத் திருத்தமாகச் சொன்னேன். அவள் படிவத்தில் கையெழுத்திட்டாள். சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. நோய் பிறகு தலைகாட்டவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து அவள் கர்ப்பமானாள். நான் கலண்டரில் வாரம் வாரமாகக் கிழமைகளை எண்ணத் தொடங்கினேன். பத்தொன்பது வரை எண்ணினேன். இருபது வரவில்லை.

கரு கலைந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்தாள். நான்காம் நாள் அடுப்படியை விட்டு வந்து குசினி வாசலில் நின்று கேட்டாள்.

"இப்பிடி நடக்கலாம் எண்டு அந்த டொக்டர் ஏனப்பா ஒரு சொல்லுச் சொல்லேல்லை? சொல்லியிருந்தால் நான் முழுசா எடுக்கச் சொல்லியிருப்பனே!"

அப்போதாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? வாய் திறந்தது. ஆனால் வந்த சொல் வேறு.

"மறந்திருப்பா, பிள்ளை."

ஒரு நல்ல மனுஷியின் தலையில் என் குற்றத்தை இவ்வளவு இலேசாக ஏற்றிவைத்தேன்.

மறு வருடம் மீண்டும் கரு தங்கியது. இம்முறை எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் பார்த்தவர் ஒரு தமிழ் வைத்தியர். என் உதவி தேவைப்படவில்லை. சுவரோரம் ஒரு கதிரையில் இருந்தேன். அவர் ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டு, "இதெல்லாம் ஒப்பரேசனுக்கு முன்னமே சொல்லியிருப்பினமே?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் சொல்லேல்லை டொக்டர்."

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவள் கேள்வி கேட்கத் தொடங்கினாள். தையல் தாங்குமா, நீர்க்குடம் உடைந்தால் என்ன செய்வது, எத்தனையாம் கிழமையில் பிறந்தால் பிழைக்கும்... ஒன்பது கேள்விகள். என் மகளுக்கு இத்தனை கேட்கத் தெரியும் என்பதை அன்றுதான் அறிந்தேன். முன்பு அந்தச் சிங்கள வைத்தியரின் அறையிலும் இந்த ஒன்பதையும் கேட்டிருப்பாள், நான் இடையில் இல்லாதிருந்தால்.

கடைசி ஆறு கிழமைகள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். முப்பத்துமூன்றாம் கிழமையில் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. ஒரு கிலோ எண்ணூற்று இருபது கிராம். பிழைத்துக்கொண்டாள். இப்போது ஐந்து மாதம், என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுக்கிறாள். கதை இங்கே நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், போன மாதம் வரை.

போன மாதம் சுதன் சொன்னான்: "மாமா, அந்தப் பெரிய ஆஸ்பத்திரி டொக்டருக்கு ஒரு கடிதம் போடவேணும். வேற ஆக்களுக்கும் இப்பிடி ஒளிச்சா என்ன செய்யிறது? நீங்கள் சிங்களத்தில எழுதுங்கோ."

"ஏசி எழுதவேண்டாம் அப்பா," என்றாள் தர்சினி. "உயிரைக் காப்பாத்தினவா. ஆனா நீங்கள் சொல்லாதபடியாத்தான் என்ர முதல் பிள்ளையை நான் ஆயத்தமில்லாமல் இழந்தனான் எண்டு எழுதுங்கோ."

பதினொரு நாட்கள் சாக்குச் சொன்னேன். பேனை சரியில்லை, கண் தெரியவில்லை, எழுத்துகள் மறந்துபோயின. சுதன் சிரித்தான்: "மாமா எழுத்தெண்ணி எழுதுறார் போல."

பன்னிரண்டாம் நாள் எழுதினேன். சிங்களத்தில் நான் எழுதியது இது: 'அம்மணி, உங்கள் சிகிச்சையால் என் மகள் நலமாக இருக்கிறாள், ஒரு பெண் குழந்தைக்குத் தாயாகியிருக்கிறாள், நீங்கள் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னீர்கள், மிக்க நன்றி.' மறைத்தவன் நான் என்று அதிலும் எழுதவில்லை. அந்தத் துணிவு வரவில்லை.

அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, அவர்கள் கேட்ட முறைப்பாட்டைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். இல்லாத வரிகளில் விரலை நகர்த்தி, தடுமாறாமல் வாசித்தேன்!

"ஓம் அப்பா, அதுதான். நான் நினைச்சதை அப்பிடியே எழுதியிருக்கிறியள்," என்றாள் தர்சினி. பிள்ளையை மடியில் ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையால் கீழே கையெழுத்திட்டாள்.

நானே சைக்கிளில் போய்த் தபாலில் சேர்த்தேன். இன்றோடு பத்தொன்பது நாட்கள். அந்தப் பெண்மணி பொறுமையானவர், பதில் எழுதக்கூடியவர். சிங்களத்தில்தான் எழுதுவார். அது வந்தால், உறையைப் பிரித்து மகளின் முன்னால் உட்கார்ந்து வாசித்துச் சொல்ல வேண்டியவன்... நான்தான்.