தயிர் சாதம் சாப்பிட்ட பொமரேனியன்

நாயைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிற ஆள் நான். அப்படிப்பட்டவன் தொண்ணூறுகளின் நடுவில், விருப்ப ஓய்வில் வந்த பணத்தைப் போட்டு, அடையாறில் நாய்களுக்கான கடை திறந்தேன் என்றால் என் புத்தியை நீங்களே எடை போட்டுக்கொள்ளலாம். அப்போது ஃப்ளாட் வாங்கியவர்கள் எல்லாம் அடுத்ததாகப் பொமரேனியன் வாங்கிக்கொண்டிருந்தார்கள். விட முடியுமா?

முதலில் வந்தது ஒரு மயிலாப்பூர் தம்பதி. பிள்ளை இல்லாதவர்கள். மாமியின் மடியில் வெள்ளைப் பஞ்சாக ஒரு நாய். என்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன். தயிர் சாதம் என்றார்.

"ஐயையோ! முடியெல்லாம் கொட்டிடும் மாமி. அப்புறம் உடம்புக்கே ஆபத்து. இதுக்கு டப்பா தீனிதான், வெளிநாட்டு ஷாம்பூதான்."

எனக்குச் சரக்கு விற்றவன் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அவர்களும் மாதாமாதம் வந்து வாங்கிப் போனார்கள்.

அடுத்த வருஷம் ஒருநாள் மாமா மட்டும் நாயைக் கூடையில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். மாமி வாசலிலேயே முதுகைக் காட்டி நின்றுவிட்டார்.

"சேமிப்பெல்லாம் போட்டிருந்த ஃபைனான்ஸ் கம்பெனியை இழுத்து மூடிட்டான் சார். வசதியானவா யாருக்காவது இதைக் குடுத்துடுங்கோ. தயிர் சாதம் போட்டு இதைக் கொல்ல எங்களுக்கு மனசு வரலை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூடைக்குள்ளிருந்து அது வாசலைப் பார்த்து முனகிக்கொண்டே இருந்தது.

"மாமா, அதெல்லாம் வியாபாரப் பேச்சு. தாராளமா தயிர் சாதமே போடுங்க."

"எங்க நெலமையைப் பாத்துப் பரிதாபப்பட்டுச் சொல்றேள்."

எவ்வளவு சொல்லியும் மனுஷர் நம்பவில்லை. வேறு வழியில்லாமல் போட்டு உடைத்தேன்.

"நான் ஜென்மத்துல நாய் வளர்த்ததில்லை மாமா. நாய்ன்னாலே பயம். உங்க நாயை ஒருநாளாவது தொட்டிருக்கேனா? இப்பகூடப் பாருங்க, மேஜைக்குப் பின்னாடிதான் நிக்கறேன்!"

மாமா என்னையும் மேஜையையும் மாறி மாறிப் பார்த்தார். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடையை மூடிப் பல வருஷமாகிறது. அதில் நான் உருப்படியாகச் செய்த காரியம், வந்த வாடிக்கையாளரை வெறும் கையோடு அனுப்பிய அது ஒன்றுதான். அன்றைக்கு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மாமி விறுவிறுவென்று உள்ளே வந்து, நாயை வாரி அணைத்துக்கொண்டு சொன்னார்:

"இது பொழச்சுடும். நீங்க கடை வெச்சுப் பொழைக்க மாட்டேள்."