'மாயம்' என்று போட்டார்கள்

இந்த நெதர்லாந்தில் எதற்கெல்லாம் வாழ்த்துச் சொல்வார்கள் என்பது இத்தனை வருடமாகியும் எனக்குப் பிடிபடவில்லை. பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால் பெற்றவளுக்கும் கைகுலுக்கல் உண்டு. போன வாரம் பக்கத்து வீட்டு மரியான் ஒரு பூந்தொட்டியோடு வாசலில் வந்து நின்றாள். "கெஃபெலிசிடேர்ட்! நிலா வீட்டை விட்டுப் போய்விட்டாளாமே!" என்றாள். எனக்குத் திக்கென்றது. கெஃபெலிசிடேர்ட் என்றால் வாழ்த்துகள். என் மகள் நிலா க்ரோனிங்கனில் தனியாக அறை எடுத்துப் படிக்கப் போயிருக்கிறாள், அவ்வளவுதான். என் கண் கலங்கியதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து மரியான் கட்டிக்கொண்டாள். நான் திருத்தவில்லை.

நம்மூரில் பெண்பிள்ளை வீட்டை விட்டுப் போனால் அதற்கு அச்சிலேயே ஒரு சொல் வைத்திருந்தார்கள்: மாயம். பழைய செய்திப் பத்திரிகைகளை வாசித்தவர்களுக்குத் தெரியும். உண்டியல் பணம் மாயம், மோட்டார் சைக்கிள் மாயம், அதற்குக் கீழேயே இளம்பெண் மாயம். மூன்றுக்கும் ஒரே எழுத்து, ஒரே அளவு. காயல்பட்டினத்து ஆண்கள் வளைகுடாவுக்குப் போய் வருடக்கணக்கில் முகம் காட்டாவிட்டாலும் அவர்களை யாரும் மாயம் என்று எழுதியதில்லை. அவர்கள் பிழைக்கப் போனவர்கள். பெண் போனால் மட்டும் ஏதோ மந்திரவாதி வந்து தொட்ட மாதிரி. அவளுக்குக் கால் இருக்கிறது, நடந்துதான் போனாள் என்று ஒருத்தருக்கும் தோன்றாது.

நானும் மாயமானவள்தான். அப்பா ஆழ்வார்திருநகரியில் தமிழாசிரியர். திருநீறு பூசாமல் வாசற்படி தாண்டாதவர். நான் விரும்பிய அந்தோணி கடற்கரைக் கிறிஸ்தவர், கப்பலில் வேலை. தூத்துக்குடியில் அவர் வீட்டுக்குப் போன மறுநாளே தெருமுனை பூத்திலிருந்து அப்பாவுக்குப் போன் செய்தேன். இன்ன தெருவில், இன்னார் வீட்டில் இருக்கிறேன், கல்யாணத்துக்கு வாருங்கள் என்றேன். ஒரு வார்த்தை பேசாமல் அப்பா போனை வைத்துவிட்டார். பெரியப்பா என்னைக் காணோம் என்று போலீசில் எழுதிக்கொடுத்தார். அடுத்த வாரமே அப்பா விடாமல் வாங்கும் பத்திரிகையில் வந்தது: 'தமிழாசிரியர் மகள் மாயம்'. மாயமானவள் அப்போது மாமியார் வீட்டில் சாளை மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அப்பா என்னோடு பேசியதில்லை. நாங்கள் ரோட்டர்டாம் துறைமுக வேலைக்கு வந்த பிறகும், நிலா பிறந்த பிறகும் பேசவில்லை. பாளையங்கோட்டையில் அவரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் தம்பி குமார்தான் எனக்குச் சேதி சொல்பவன். அவருக்கு வயதாகிறது. பேசாமலே போய்விடுவாரோ என்பதுதான் என்னை அரித்த பயம்.

ஞாயிற்றுக்கிழமை போனில் குமாரிடம் நிலா தனியாகப் போனதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று, "அக்கா, அப்பா போனைக் கேக்காவ" என்றான். போன் கைமாறியது, அப்பாவின் குரல் கேட்டது.

"ஏளா, பிள்ளை எங்கன போயிருக்கான்னு உனக்குத் தெரியும்லா?"

"தெரியும்ப்பா. வீட்டு நம்பர் வரைக்கும் தெரியும்."

அப்பா குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் தெரிஞ்சுதாம்ளா இருந்துச்சு. நீ போன்ல சொன்னதை நான் யாருட்டயும் சொல்லல. பேப்பர்காரன் மாயம்னு போட்டதும் நல்லதாப் போச்சுன்னு இருந்துட்டேன். ஓடிப் போயிட்டாள்னு ஊர்ல கேக்கதுக்கு அது தேவலன்னு தோணிச்சு."

கோபம் வந்தது. இத்தனை வருடம் பத்திரிகைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேனே என்று சிரிப்பும் வந்தது. எல்லாவற்றையும் மீறி அழுகைதான் முந்தியது. அந்தப் பக்கம் அவரும் மூக்கை உறிஞ்சினார். அவருக்குப் பின்னால் குக்கர் விசிலடித்தது. தெருவில் யாரோ கீரை விற்றுக்கொண்டு போனார்கள். என் ஜன்னலுக்கு வெளியே டிராம் மணியடித்துத் திரும்பியது.

"அழாதளா. இப்ப நீ எங்கன இருக்கே?" என்று கேட்டார்.

ரோட்டர்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆழ்வார்திருநகரி என்று சொல்லவும் முடியாது.

"இங்கனதாம்ப்பா இருக்கேன்" என்றேன்.